ஓரின் போகவில்லை

ஓரின் யெர்டன் பிரபலமாக இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். அதுவும் வண்டி ஓட்டியதற்காக அல்ல. ஓட்டாமல் இருந்ததற்காக.

அதற்கு முந்தைய அறுபத்துச் சொச்சம் வருடங்களில் அவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. ஆஷ் கார்னர்ஸில் பிறந்தார். அப்பாவின் பண்ணையில் பால் கறந்தார். மாடுகள் போன பிறகு சில வருடங்கள் ஊராட்சியின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டினார். அதற்கப்புறம் வாட்டர்டவுனில் ஒரு சலவை ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை. மனைவி நோலா நவம்பர் பிறந்ததும் ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ஏப்ரலில் திரும்புவாள். "பனி அள்ளுறதுக்கா என்னைக் கட்டிக்கிட்ட?" என்று ஒரு முறை கேட்டாளாம். ஓரின் யோசித்துப் பார்த்துவிட்டு, "பாதி வருஷத்துக்கு" என்றாராம். இதை அவரே சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

நாங்கள் நாலு பேர் அவருடைய வேனில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஓரின், கிளெல் பிரீமோ, ரோடா லஷோம், நான். எல்லோருக்கும் அதே ஆலைதான். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் ஓட்டல்களின் துண்டுகளும் அழுக்காக வந்து வெள்ளையாகப் போகும் இடம். கிளெல் உலர்த்தும் இயந்திரத்தில் இருந்தான். ரோடா மடிப்பு மேசையில். நான் லாரியில் மூட்டை ஏற்றினேன். அந்த வருடம் என் ஓட்டுநர் உரிமத்தை நீதிபதி ஒருவர் வாங்கி வைத்திருந்தார். மூன்று பியர் என்று நான் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஊருக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம். கோடையில் அது ஒன்றுமில்லை. மேற்கே உள்ள பெரிய ஏரி உறையாமல் கிடக்க, அதன் மேல் குளிர்காற்று கடந்து வரும் மாதங்களில்தான் பிரச்சினை. மேகம் ஊர்வலம் போல ஒரு நீளப் பட்டையாக வந்து மேட்டு நிலத்தில் பனியாக இறங்கும். பட்டைக்குள் இருப்பவனுக்குத் தன் வண்டியின் முன்பக்கம் தெரியாது. பட்டைக்கு வெளியே, ரெண்டு பண்ணை தள்ளி, ஒருவன் வெயிலில் நின்று முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பான். ரேடியோவில் சொல்வது மாவட்டம் முழுவதற்குமான முன்னறிவிப்பு. அதில் எங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை நாங்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. ரேடியோவில் சாயங்கால முன்னறிவிப்பு முடிந்ததும் ஓரின் கிளெலுக்குப் போன் செய்வார். "போறோம்" அல்லது "இல்ல." கிளெல் என்னைக் கூப்பிடுவான். நான் ரோடாவை. ரோடா ஓரினைக் கூப்பிட்டு முடித்து வைப்பாள். வழியில் யார் "இல்ல" என்றாலும் மறுநாள் வண்டி கிளம்பாது. ஏன் என்று கேட்கக் கூடாது. அதுதான் விதி.

விதியைப் போட்டது ஓரின். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் வேன் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்து நின்றிருக்கிறது. உதவிக்காகக் காத்திருந்தபோது, அப்போது கூட வந்துகொண்டிருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னாராம்: "காலைலயே எனக்கு மனசு சரியில்ல. சொன்னா சிரிப்பீங்கன்னுதான் ஏறிட்டேன்." அன்று சாயங்காலம் ஓரின் எல்லோரையும் கூப்பிட்டு, "யாரு வேணாம்னாலும் வேணாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. கேக்கவும் கூடாது" என்றார். பயத்தை ஒத்துக்கொள்ளச் சொன்னால் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என் காலத்தில் நான் ரெண்டு முறை "இல்ல" சொல்லியிருக்கிறேன். ஒன்று பனிக்காக அல்ல. யாரும் கேட்கவில்லை. கிளெல் வேட்டைப் பருவத்தில் நிறையச் சொல்வான். மான்களுக்கு அது தெரியும் என்று ரோடா சொல்வாள். ஓரின் மட்டும் சொன்னதே இல்லை. எப்பேர்ப்பட்ட முன்னறிவிப்புக்கும் அவருடைய பதில் "போறோம்"தான். பனி ஒதுக்கும் லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில், ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு சாயங்காலம் கிளெல் என்னைக் கூப்பிட்டான்.

"உக்காந்துக்கோ மெர்ல். ஓரின் 'இல்ல'ங்கறான்."

"ரேடியோவுல வெயில்னு சொன்னானே?"

"அதான் சொல்றேன். பளிச்சுன்னு வெயிலாம். இவன் இல்லங்கறான்."

"உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"கேக்கக் கூடாதுல்ல?"

கேட்கவில்லை. மறுநாள் காலை வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. நான் ஜன்னலில் நின்று ஓரினைக் கொஞ்சம் திட்டினேன். பத்து மணிவாக்கில் காற்று திரும்பியது. வடக்கே எங்கேயோ படுத்திருந்த பட்டை அப்படியே சாலை மேல் வந்து உட்கார்ந்தது. வாட்டர்டவுன் சாலையில் போனவர்கள் போன இடத்திலேயே நின்றார்கள். பள்ளிப் பேருந்து ஒன்று இருட்டும் வரை நின்றது. பிள்ளைகள் ஒரு பண்ணை வீட்டில் மக்ரோனி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

கிளெல் சும்மா இருப்பானா. நான் குடியிருந்தது ஏவிஸ் டக்கரின் கடைக்கு மாடியில். அங்கே காபிக் குடுவைக்குப் பக்கத்தில் நின்று அவன் ஊருக்கே சொன்னது எனக்குக் கேட்டது. "லாரி ஓட்டினவன்யா அவன். எலும்புல தெரியும் அவனுக்கு."

அடுத்த "இல்ல" கிறிஸ்துமஸ் கழித்து. அன்றும் ரேடியோ வெயில் என்றது. மத்தியானத்துக்கு மேல் லேசாகத் தூவியது, விளக்குமாற்றால் தள்ளிவிடுகிற அளவு. கிளெலுக்கு அது போதும். "பாத்தியா? வந்துச்சா இல்லையா?"

மூன்றாவது முறை ஒரு துகள்கூட விழவில்லை. ஆனால் அதற்குள் ஊர் முடிவு செய்திருந்தது. தெற்கே பக்கத்து ஊரில் கூரை வரை பனி என்று யாரோ கேள்விப்பட்டார்கள். "நமக்கு வரவேண்டியது அங்க போயிடுச்சு" என்றாள் ஏவிஸ், ஏதோ ஓரின்தான் அதைத் திருப்பி அனுப்பியது போல.

ஜனவரி நடுவில் நிலைமை இப்படி ஆகியிருந்தது. சாயங்காலம் ஓரின் கிளெலைக் கூப்பிடுவார். கிளெல் என்னைக் கூப்பிடுவதற்கு முன் கடையைக் கூப்பிடுவான். ஓரின் போகவில்லை என்றால் ரொட்டி தீர்ந்துவிடும். பால் தீர்ந்துவிடும். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி நின்றுவிடும். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண், பனியில் வழுக்காமல் இருக்க, சக்கரங்களில் சங்கிலியை எடுத்து மாட்டுவாள். ரேடியோவில் பாவம் ஒருவன் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். ஏவிஸ் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஓரின் என்ன சொல்றான்?" என்பாள்.

ஓரின் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வந்தால், தொப்பியின் விளிம்பை நன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு, போலோனி இறைச்சியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். யாராவது வாரக் கடைசியைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பார். அவர் மறைக்கிறார் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். மறைக்கத்தான் செய்தார்.

இதில் அடிபட்டவள் ரோடா. முதல் நாள் சாலையையே மூடிவிட்டதால் ஆலை அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற நாட்களில் சாலை திறந்திருந்தது. சாலை திறந்திருந்து நீ வராவிட்டால் அது உன் தவறு; காலைச் சங்கு ஊதிய பிறகு வந்தாலும் வராத கணக்குதான். எனக்கும் கிளெலுக்கும் கையில் நாட்கள் மிச்சம் இருந்தன. ரோடாவுக்கு இல்லை. அவள் மகள் ஐவிக்குச் சர்க்கரை. பத்து வயதில் தினமும் ஊசி போட்டுக்கொள்கிற பெண். இலையுதிர் காலத்தில் அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதே ரோடா தன் விடுப்பையெல்லாம் செலவழித்துவிட்டாள். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது மேசையில் இருந்த பேனாவைத்தான் பார்த்தாராம். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் ஊசி மருந்து போகும்.

இதை அவள் வேனில் வைத்துச் சொல்லவில்லை. சொன்னால் "இல்ல" சொல்ல நினைப்பவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மூட்டைகளுக்கு நடுவே நின்று என்னிடம் மட்டும் சொன்னாள். "நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ரெண்டு நாள் விடாமல் கொட்டியது. அந்த ரெண்டு நாளும் நாங்கள் போனோம். ஓரின் ஓட்டினார். ரெண்டாம் நாள் சாயங்காலம் வானம் வெளுத்தது. நாளைக்கு மேகமே இல்லை, நல்ல வெயில், கடும் குளிர் என்றது ரேடியோ. நான் பூட்ஸைத் துடைத்துக் கதவருகே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"இல்ல" என்றான் கிளெல்.

"என்னது?"

"இல்லங்கறான்யா. ஏவிஸ்கிட்டச் சொல்லிட்டேன். உனக்கு ரொட்டி வேணும்னா இப்பவே இறங்கு."

ரோடாவைக் கூப்பிட வேண்டியது என் முறை.  கூப்பிட்டேன்.

"போறோமா?" என்றாள் எடுத்ததும்.

"இல்ல."

அந்தப் பக்கம் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே கடைக் கதவின் மணி அடித்தது. பிறகு அவள் குரல். நான் இறங்கிப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரொட்டி அலமாரி ஏற்கெனவே காலி. கிளெலும் இருந்தான், கையில் ரெண்டு பால் குடுவைகளோடு.

"உன் பிக்கப் வண்டியைக் குடு கிளெல். நாளைக்கு ஒரு நாள்" என்றாள் ரோடா.

"எதுக்கு?"

"வேலைக்குப் போகணும்."

"ஓரின் போகலைங்கறான்."

"தெரியும். நான் போறேன்."

"நான் குடுக்க மாட்டேன். நாளைக்கு உன்னை எந்தப் பள்ளத்துலருந்து தோண்டி எடுக்கறது?"

"ரேடியோ வெயில்னு சொல்றான் கிளெல்."

"ரேடியோக்காரன் சிரக்யூஸ்ல உக்காந்திருக்கான். அவனுக்கு ஜன்னலே கிடையாது."

ரெண்டு பேர் சிரித்தார்கள். ரோடா ஏவிஸ் பக்கம் திரும்பினாள். ரோடாவின் சொந்தக் காரின் கியர் பெட்டி நவம்பரிலேயே உட்கார்ந்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும்.

"ஏவிஸ், உங்க காரு?"

"கண்ணு, நாளைக்கு நான் கடையே திறக்கறதா இல்ல" என்றாள் ஏவிஸ். "காரையும் குடுத்து உன்னையும் பறிகொடுத்தா ஐவிக்கு நான் என்ன பதில் சொல்றது? பேசாம வீட்ல இரு. சூப் வெச்சுக் குடி."

ரோடா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கெட்ட எண்ணம் ஒரு முகத்திலும் இல்லை. அவள் வெளியே போனாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

"எங்க?"

"அவர் வீட்டுக்கு."

"கேக்கக் கூடாது ரோடா."

"தெரியும்."

சாலையின் இரண்டு பக்கமும் பனிச்சுவர் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. நட்சத்திரங்கள் அத்தனையும் வெளியே வந்திருந்தன. பனி வருகிற அடையாளம் எதுவுமே இல்லை. 

ஓரின் கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளேயும் தொப்பி போட்டிருந்தார். அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு அடுப்புக்கு மேலே உள்ள சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார். நோலா ஃப்ளோரிடா போன பிறகும் சுத்தமாக வைத்திருக்கப்பட்ட வீடு. எல்லாம் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது.

"ரோடா" என்றார். பிறகு என் பக்கம், "கிளெலும் வந்திருக்கானா, வா" என்றார்.

"மெர்ல்" என்றேன்.

"ஆமா. மெர்ல். உக்காருங்க."

நாங்கள் உட்காரவில்லை. ரோடா கையுறையைக் கழற்றினாள்.

"நான் காரணம் கேக்க வரல ஓரின்" என்றாள். "விதி விதிதான். நீங்க இல்லன்னுட்டீங்க. சரி. வேன் சாவியைக் குடுங்க. நான் ஓட்டிக்கிறேன்."

அந்த வேனை வேறு யாரும் ஓட்டியதில்லை. நோலாவும் ஓட்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய நாயைத் திட்டலாம், சாவியைக் கேட்க மாட்டார்கள்.

"வேணாம்மா" என்றார் ஓரின். "நாளைக்கு ரோடு நல்லாருக்காது."

"எப்படித் தெரியும்?"

"வடக்கே பட்டை நிக்குது. காத்து திரும்பும்."

 ரோடா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆலையில் மேற்பார்வையாளர் சொன்னதைச் சொன்னாள். ஐவியைப் பற்றிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எனக்கு இன்னும் ஒரு நாள்கூட கிடையாது" என்றாள். "ஆனா உங்களோட வண்டியில இத்தனை வருஷமா வந்திருக்கேன். நீங்க பனி வரும்னு சொன்னா நான் நம்பறேன். வீட்டுக்குப் போயிடறேன். வேலை போனாப் போகட்டும். நீங்க ஒரு தடவை சொல்லுங்க. நாளைக்குப் பனி வருமா?"

அடுப்பு டிக்டிக்கென்றது. ஓரின் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்திருந்தார். பெரிய கைகள். ஒன்றால் இன்னொன்றை மூடினார்.

"வராது" என்றார்.

ரோடா காத்திருந்தாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவே இல்லை என்பதற்கு நான் சாட்சி.

"இருட்டு பரவால்ல" என்றார் ஓரின் கடைசியில். "பனி பெய்யறதும் பரவால்ல. முன்னாடி போற லாரியோட செவப்பு விளக்கு தெரியுது. வெயில் அடிச்சாத்தான். புதுப் பனி மேல வெயில் அடிச்சா எனக்கு எல்லாம் பால் மாதிரி ஆயிடுது. ரோடு எது, ஓரம் எது, ஒண்ணும் தெரியல."

"கண்ணா?"

"புரை. ரெண்டுலயும். செப்டம்பர்லயே சொன்னாங்க, ஆபரேஷன் பண்ணிக்கோன்னு. பண்ணா கொஞ்ச நாள் ஓட்டக் கூடாதாம். நீங்கள்லாம் எப்படிப் போவீங்க? ஏப்ரலுக்குத் தள்ளிப் போட்டுக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் "இல்ல" சொன்ன ஒவ்வொரு நாளும் ரேடியோ வெயில் சொன்ன நாள். அதைத்தான் நாங்கள் அதிசயம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மொத தடவை நிஜமாவே பனி வந்திடுச்சு" என்றார் ஓரின். "அப்புறம் எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. நான் என்னன்னு போய்ச் சொல்றது?" அவள் இருந்த பக்கம் திரும்பினார். "உன் நாள் போகுதுன்னு எனக்குத் தெரியாது ரோடா."

"நான் சொல்லல" என்றாள் அவள்.

அவர் எழுந்து கதவருகே போனார். கொக்கியைத் தடவித் தேடாமல் நேராகச் சாவியை எடுத்தார். அவள் கையில் கொடுத்தார். உடனே விடவில்லை.

"கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கும்."

"சரி."

"ரெண்டாவது கியர் சண்டை போடும். நீ சண்டை போடாத."

"சரி."

"நானும் வரேன். பாய்லரை யாரு பாக்கறது?"

காலையில் கிளெலை நான்தான் கூப்பிட்டு எழுப்பினேன். "யாரு செத்தா?" என்றான். வேன் வாசலில் வந்து நின்றபோது ரோடா ஓட்டுநர் இருக்கையிலும் ஓரின் பக்கத்திலும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஏறாமல் நின்றான்.

"இது என்ன கூத்து?"

"ஏறு கிளெல்" என்றார் ஓரின். "பனி வராது. எனக்குக் கண்ணு தெரியல. நேத்து அதான் இல்லன்னேன்."

கிளெல் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். "அப்ப டிசம்பர்ல?" என்றான்.

"அப்பவும் தெரியல."

"ஜனவரில?"

"அப்பவும்தான்."

"நேத்துதான் மூணு பேருக்கு உன் எலும்பைப் பத்திச் சொன்னேன்."

"என் எலும்பு நல்லாத்தான் இருக்கு."

ஊர் முழுக்க அடைத்துக் கிடந்தது. அத்தனை வெயிலில் ஒரு புகைபோக்கியின் புகைதான் அசைந்துகொண்டிருந்தது. பள்ளிப் பேருந்து சங்கிலி கட்டிக்கொண்டு கொட்டகையில் நின்றது. கடை வாசலில் ஏவிஸ் கம்பளி அங்கியோடு பனி அள்ளும் ஷவலைப் பிடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்ததும் நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினாள். ரோடா நிறுத்தினாள். ஓரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"நீ போகலன்னு சொன்னியே!"

"ஓட்ட மாட்டேன்னுதான் அர்த்தம்."

"ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு ஓரின். அம்பது ரொட்டி வித்தாச்சு."

"சாப்பிடட்டும்" என்றார். பிறகு அவள் முகம் இருக்கும் திசையில் திரும்பி, பொறுமையாகச் சொன்னார்: "எனக்குக் கண்ணுல புரை ஏவிஸ். வெயில் ஆகாது. அவ்வளவுதான். பனியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ரேடியோவக் கேளு."

"அவன் எப்பவும் தப்பாத்தான் சொல்றான்."

"நானும்தான்."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். ரோடா கியரைப் போட்டாள். அது சண்டை போட்டது.

காட்டுப் பகுதி தாண்டும் வரை நன்றாகப் போனோம். பிறகு வயல்வெளி வந்தது. வலது பக்கம் சூரியன் மேலே ஏறி, ரெண்டு நாள் பனியின் மேல் முழுசாக விழுந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. ரோடா ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டினாள். ஓரின் கண்களை மூடிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"வேகமாப் போறேனா?" என்றாள் ரோடா.

"இல்ல."

"அப்ப ஏன் தரையை ஓட்டை போடறீங்க?"

கிளெல் பின்னால் இருந்து சிரித்தான். ஓரின் காலை இழுத்துக்கொண்டார். அடுத்த வளைவில் மறுபடி அழுத்தினார்.

நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு லாரி குறுக்கே திரும்ப முடியாமல் நின்றிருந்தது. பின்னால் வரிசை. ரோடா விரல்களால் ஸ்டீயரிங் வளையத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் மணி பார்க்கவில்லை. எல்லோருக்கும் மணி தெரியும். லாரி முன்னும் பின்னும் போனது. கடைசியில் வழி விட்டது.

ஆலை முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது உள்ளே சங்கு ஊதத் தயாராக இருக்கும் நேரம். முற்றம் முழுக்க வெள்ளை. ஒதுக்கிய பனி ஒரு பக்கம் மலையாகக் கிடந்தது, சுவரும் வெள்ளை, அதன் மேல் அடித்த வெயில் திரும்பி முகத்தில் அடித்தது. ரோடா இறங்கிச் சுற்றி வந்து ஓரினின் கதவைத் திறந்தாள். அவர் இறங்கி, அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கிற இடத்தில். ரெண்டு அடி நடந்தார்கள். சின்ன அடிகள்.

அவர் நின்றார். பிடியை விட்டார்.

"நீ ஓடு" என்றார்.

"கூட்டிட்டுப் போயிடறேன்."

"ஓடுடி. போ."

அவள் ஓடினாள். வழுக்கியது, கையை ஊன்றி எழுந்து மறுபடி ஓடினாள். ஓரின் இருந்த இடத்திலேயே நின்றார், தொப்பி விளிம்பை இறக்கிக்கொண்டு, கைகளை உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு. எந்தப் பக்கம் கதவு என்று அவருக்குத் தெரியவில்லை என்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது. நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

சங்கு ஊதியது.

"யாரு, மெர்லா?"

"ஆமா."

"உள்ள போயிட்டாளா?"

கதவு அவளுக்குப் பின்னால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"போயிட்டா."

"சங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

அவர் மூச்சை விட்டார். அது எங்கள் இருவருக்கும் நடுவே வெள்ளையாக நின்றது.

"சரி, நட" என்றார். "பாய்லர் காத்துக்கிட்டிருக்கும்."